பெரியப்பா மறுபடியும் செத்துப்போனார்

ஸ்பைடர்மேனின் பெரியப்பா பென் பார்க்கர் தங்கமான மனிதர். ஒரே குறை, அடிக்கடி செத்துப்போவார். 2002ல் சாம் ரைமி எடுத்த படத்தில் ஒருமுறை செத்தார். 2012ல் வேறு இயக்குநர், வேறு ஸ்பைடர்மேன், வேறு பெரியப்பா. ஆனால் அதே நியூயார்க், அதே ராத்திரி, அதே துப்பாக்கிச் சூடு. பிள்ளை ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டு அழுவதும் அதேதான்.

இந்த இரண்டாவது சாவை ஒரு தீபாவளி லீவில் டிவியில் என் பெரியம்மையோடு உட்கார்ந்து பார்த்தேன். பெரியம்மைக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்ணில் புரை எடுத்த பிறகு எதையும் விடாமல் பார்க்கிறாள். தமிழ் பேசும் ஸ்பைடர்மேன் என்றால் அவளுக்குக் கூடுதல் இஷ்டம். "பய நல்லாத் தவ்வுகான்" என்பாள். பெரியப்பா தெருவில் விழுந்ததும் வெற்றிலை இடிப்பதை நிறுத்தினாள்.

"லேய், இந்த மனுசன் அன்னைக்கே செத்துப்போனாம்லா?"

என் தங்கச்சி மகன் பக்கத்தில் இருந்தான். இன்ஜினீயரிங் படிக்கிறான். பாடப் புத்தகத்தில் கேட்டால் முழிப்பான், மார்வல் படத்தில் எந்த ஆள் எந்தப் பாகத்தில் செத்தான் என்று கேட்டால் மளமளவென்று ஒப்பிப்பான்.

"ஆச்சி, அது வேற படம். இது ரீபூட்."

"அப்பம் அன்னைக்கு நாம அழுதது?"

"அது அந்தப் படத்துக்கு. இதுக்குப் புதுசா அழணும்."

பெரியம்மை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு ஆளுக்கு ஒரு தடவைதாம்டே பதினாறு அடியந்திரம் வைப்பாவ. இவனுவளுக்கு வேற சோலி இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உரலை இழுத்துக்கொண்டாள்.

சூப்பர் ஹீரோ படங்களை இத்தனை சீக்கிரம் முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று உலகம் பூராவும் பெரிய பெரிய விமர்சகர்கள் அலசியிருக்கிறார்கள். அந்த மூன்று வரி வழக்கை விட்டு அவர்கள் ரொம்ப தூரம் போய்விட்டதாக எனக்குத் தெரியவில்லை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். டோபி மேக்வயர் நடித்த மூன்றாவது ஸ்பைடர்மேன் 2007ல் வந்தது. ஐந்தே வருஷத்தில் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட். அவருடைய இரண்டாவது படம் 2014ல். இரண்டு வருஷம் கழித்து 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்துக்குள் டாம் ஹாலண்ட் வந்து குதித்துவிட்டார். பேட்மேனாக கிறிஸ்டியன் பேல் விடைபெற்றது 2012ல், பென் அஃப்லெக் வந்தது 2016ல், ராபர்ட் பேட்டின்சன் வந்தது 2022ல். ஃபென்டாஸ்டிக் ஃபோர் கூட்டத்துக்கு 2005, 2015, 2025 என்று பத்து வருஷத்துக்கு ஒரு ஜென்மம். 2021ல் எடுத்திருக்க வேண்டிய நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே தள்ளிப்போய்விட்டது. இவர்கள் முறை தவறவில்லை.

இதில் பெரியம்மை கண்டுபிடித்த ஒரு விஷயத்தை வேறு யாரும் இவ்வளவு அக்கறையாகக் கவனித்திருக்க மாட்டார்கள். ஸ்பைடர்மேனை வளர்க்கும் பெரியம்மைக்கு ரீபூட் ஆக ஆக வயது குறைகிறது. 2002ல் ரோஸ்மேரி ஹாரிஸ், தலை பஞ்சாக நரைத்த பாட்டி. 2012ல் சாலி ஃபீல்ட், கொஞ்சம் இளசு. 2016ல் மரிசா டோமே, காலேஜுக்குப் போகலாம். "அந்தப் பெரியப்பன் செத்துச் செத்துப் போகான். இவளுக்கு மட்டும் வயசு பின்னால போகு. என்ன எண்ணெய்டே தேய்க்கா?" என்று கேட்டாள். மருமகன் கூகுளில் தேடியும் பதில் கிடைக்கவில்லை.

பேட்மேனின் அம்மாவைப் பற்றியும் பெரியம்மைக்கு அபிப்பிராயம் உண்டு. 1989 படத்தில், 2005 படத்தில், 2016 படத்தில், பேட்மேனே இல்லாத 2019 'ஜோக்கர்' படத்தில்கூட அவளும் புருஷனும் ராத்திரி நேரம் ஒரு இருட்டுச் சந்துக்குள் போய்ச் சுடப்பட்டுச் சாகிறார்கள். "லைட்டு இல்லாத சந்துல கழுத்துல முத்துமாலையும் போட்டுக்கிட்டு எதுக்குப் போறா? போன தடவை செத்தது நினைப்பு இல்லியா?" நியாயமான கேள்வி. பணக்காரர்கள், கார் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார். மெயின் ரோட்டில் போயிருந்தால் வார்னர் பிரதர்ஸ் கம்பெனி அப்போதே நொடித்திருக்கும்.

பேட்மேனை எங்கள் ஊர்ப் பழைய முறையில் வைத்துப் பார்த்தால் இன்னொரு சிக்கல். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர்களிடம் ஒரு காலத்தில் மருமக்கள்வழி இருந்தது. தாய்மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்கு. பெற்ற பிள்ளை வாசலில் நிற்க வேண்டியதுதான். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அந்தக் கூத்தை வைத்து 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று ஒரு நூலே எழுதினார். சிரித்துக்கொண்டே படிக்கலாம், முடிக்கும்போது நெஞ்சை அடைக்கும். அந்த முறைப்படி பேட்மேனின் அப்பா தாமஸ் வேன் செத்ததும் மாளிகை, கார், குகை, வௌவால் எல்லாம் அவருடைய அக்கா தங்கச்சி பிள்ளைகளுக்குப் போயிருக்கும். பேட்மேனாக வேண்டிய புரூஸ் வேன் கேஸ் நடத்தவே கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்திருப்பான். வேஷம் கட்ட நேரமேது?

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மருமகன் பொறுமையிழந்தான். "மாமா, நீங்க சும்மா இளக்காரம் பண்ணுதிய. ஒவ்வொரு பத்தாங் கிளாஸ் பேட்சுக்கும் ஒரு ஸ்பைடர்மேன் வேணும். எனக்கு டாம் ஹாலண்ட். உங்களுக்கு யாரு?"

எனக்கு இரும்புக்கை மாயாவி. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவரை இறக்கியது. மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரியும், ஆள் மறைந்துவிடுவார். தமிழில் அவரை யாரும் ரீபூட் செய்யவில்லை, மறுபதிப்புதான் போட்டார்கள். தலை நரைத்தவர்கள் அதே கதையைக் கூடுதல் விலைக்கு வாங்கி, முந்தின பதிப்பில் இருந்த அச்சுப்பிழை இதில் இல்லையே என்று வருத்தப்படுகிறார்கள். மருமகன் சொன்னதில் நியாயம் இருப்பதை இதற்கு மேல் மறைக்க முடியாது. தலைமுறைக்கு ஒரு ஆள் வேண்டும்தான். ஆனால் 2014க்கும் 2016க்கும் நடுவில் எந்தத் தலைமுறை பிறந்து வளர்ந்து டிக்கெட் எடுத்தது?

உண்மைக் காரணம் தலைமுறை இல்லை, பத்திரம். ஸ்பைடர்மேனைப் படமெடுக்கும் உரிமை சோனியிடம் இருக்கிறது. குறிப்பிட்ட வருஷத்துக்குள் அடுத்த படம் எடுக்காவிட்டால் உரிமை மார்வலுக்கே திரும்பிவிடும் என்று ஒப்பந்தம். எங்கள் பக்கம் பாட்டத்துக்கு வயல் எடுத்தவன், இந்தப் பூ விளையாது என்று தெரிந்தாலும் பெயருக்கு நாலு பிடி விதையை எறிந்து வைப்பான். தரிசு போட்டால் உடமைக்காரன் வந்து கேட்பானே! ஃபென்டாஸ்டிக் ஃபோருக்கு நடந்தது அதுதான். ஜெர்மனித் தயாரிப்பாளர் ஒருவர் கையிலிருந்த உரிமை காலாவதி ஆகப்போகிறது என்றதும், மலிவுப் படங்களுக்குப் பேர்போன ரோஜர் கார்மனைப் பிடித்து, சுமார் பத்து லட்சம் டாலரில் ஒரு படத்தை அவசர அவசரமாக எடுத்து முடித்தார். 1994ல் வந்திருக்க வேண்டிய அந்தப் படம் தியேட்டருக்கே வரவில்லை. நடித்தவர்கள் பாவம், ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். உரிமை மட்டும் பத்திரமாக இருந்தது.

தமிழ் சினிமாக்காரர்கள் இந்த விஷயத்தில் நிதானஸ்தர்கள் என்று ஒரு எண்ணம் உண்டு. ரஜினியின் 'பில்லா' 1980ல் வந்தது, அஜித்தின் 'பில்லா' 2007ல். இருபத்தேழு வருஷம். முதல் படத்துக்கு விசிலடித்தவன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இரண்டாவதுக்குப் போனான். 1989ல் ரஜினி நடித்த 'மாப்பிள்ளை'யை 2011ல் மறுபடி எடுத்தபோது அன்றைக்கு அவருடைய மருமகனாக இருந்த தனுஷே நாயகன். மருமக்கள்வழி ஒழிந்துவிட்டது என்று யார் சொன்னது?

ஆனால் இந்த நிதானம் நடுவில் வந்தது. பேசும் படம் பிறந்த புதிதில் நம்மவர்கள் ஹாலிவுட்டைத் தூக்கிச் சாப்பிட்டவர்கள். கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடம் கட்டி நடித்த 'பக்த நந்தனார்' 1935ல். தண்டபாணி தேசிகர் நடித்த 'நந்தனார்' 1942ல். ஏழே வருஷ இடைவெளி. சீக்கிரம் என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தேசிகர் எப்படிப் பாடியிருக்கிறார் என்று கேட்கத்தான் போனார்கள். 1945ல் வந்த 'ஸ்ரீவள்ளி'யில் டி. ஆர். மகாலிங்கம் முருகன். 1961ல் மறுபடியும் 'ஸ்ரீவள்ளி', இந்தத் தடவை சிவாஜி முருகன். மகாலிங்கம் எங்கே? அதே படத்தில் நாரதராக நின்று பாடிக்கொண்டிருந்தார். 2021ல் மூன்று ஸ்பைடர்மேன்களையும் ஒரே படத்தில் நிறுத்தியபோது தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரிக் கத்தினார்கள். பழைய முருகன் வீணையோடு நின்று புது முருகனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்த காட்சிக்கு அறுபது வருஷம் முன்னாலேயே நம் தாத்தாக்கள் டிக்கெட் கிழித்தாயிற்று.

நந்தனார் கதையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. பெரியபுராணத்தில் நந்தன் நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் பக்தர். அவரைத் தடுக்க அங்கே பண்ணையார் யாரும் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார்தான் கொடுமைக்கார வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்து வைத்தார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை, சிறப்புப்பாயிரம் கொடுக்க ரொம்ப நாள் தயங்கினார். மூலக் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டுப் புலம்புகிறவர்களுக்கு அவர்தான் முன்னோடி. பிறகு ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வந்தார். நந்தனாரைக் கிந்தனார் ஆக்கினார். நந்தன் சிதம்பரம் போகக் கேட்டான், கிந்தன் படிக்கப் போகக் கேட்டான். நந்தன் தீயில் இறங்கினான், கிந்தன் ரயில் ஏறினான். 1949ல் 'நல்லதம்பி' படத்தில் அந்தக் காலட்சேபம் வந்தது. வசனம் அண்ணா, அவரும் கதைக்கரு எடுத்தது ஒரு ஹாலிவுட் படத்திலிருந்து. 1935, 1942, 1949. ஏழு, ஏழு. மார்வல் கம்பெனி காலண்டர் போட்டு வேலை செய்தால்கூட இவ்வளவு சரியாக வராது.

இடைவெளி எத்தனை வருஷம் என்று விரல் விடுவதில் பிரயோசனம் இல்லை என்பதற்கு எங்கள் ஊர்க் கொடையைவிட நல்ல சாட்சி கிடையாது. சுடலைமாடனுக்கு வருஷா வருஷம் கொடை, வருஷா வருஷம் வில்லுப்பாட்டு, வருஷா வருஷம் முதலிலிருந்து கதை. கைலாசத்தில் விளக்குச் சுடரைப் பார்வதி முந்தானையில் ஏந்துவாள், பிள்ளை பிறக்கும், ராத்திரியில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்னும், பூலோகத்துக்கு அனுப்பி வைப்பார்கள், கொட்டாரக்கரைக்குப் போகும். பக்கா ஆரிஜின் ஸ்டோரி. பெரியம்மைக்கு எண்பது வருஷப் பாடம். இருந்தாலும் கொடைப்பந்தலில் முன்வரிசையில் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு வருஷம் புலவர் அவசரத்தில் இருந்தார். மறுநாள் அவருக்கு வேறு ஊரில் கொடை. வீசுகோலால் வில்லை இரண்டு தட்டு தட்டி, சுடலையைக் கைலாசத்திலிருந்து நேராகச் சுடுகாட்டில் இறக்கி, அங்கிருந்து கொட்டாரக்கரையைத் தொடாமலே தாண்டப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"வேய் புலவரே! மாடன் கொட்டாரக்கரைக்குப் போகலியா?"

புலவர் வில்லை நிறுத்தவில்லை. பாட்டிலேயே, பஸ் கிடைக்கவில்லை என்று மாடன் சொன்னதாகப் பாடிவிட்டார். பந்தல் சிரித்தது. பெரியம்மை சிரிக்கவில்லை. "அடுத்த பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போவும்" என்றாள். குடத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்க, உடுக்கை அடிப்பவர் புலவரைப் பார்க்க, புலவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மாடனைக் கொட்டாரக்கரைக்கு அனுப்பினார். பாட்டு அந்த இடத்துக்கு வந்து குடமும் உடுக்கும் வேகம் பிடித்தபோது கோமரத்தாடிக்கு அருள் வந்தது. வராமல் எப்படி? அதற்காகத்தானே பிறப்பிலிருந்து பாடுகிறார்கள். பிறப்பைப் பாடாவிட்டால் சாமி வராது. பென் பெரியப்பா செத்தால் யாருக்கு அருள் வருகிறது சொல்லுங்கள். டாம் ஹாலண்டை வைத்து 2017ல் எடுத்தவர்களுக்கே அது தெரிந்துவிட்டது, பெரியப்பா சாவைக் காட்டாமலே படத்தை ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கும் ஒரு ஜென்மம் ஓய்வு கிடைத்தது.

இப்போது வில்லில் பாடப்படும் இன்னொருத்தி, நீலிக்கு வருவோம். கேரளத்தில் 2025 ஓணத்துக்கு 'லோகா' படம் வந்தது. டொமினிக் அருண் இயக்கம், துல்கர் சல்மான் கம்பெனி தயாரிப்பு, கல்யாணி பிரியதர்ஷன் சூப்பர் ஹீரோ. 300 கோடியைத் தொட்டது என்கிறார்கள். அந்த சூப்பர் ஹீரோ யார்? கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு எங்கே? நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற ரோட்டில், பார்வதிபுரத்தைத் தாண்டினால் வரும். பேட்மேனின் கோத்தம் நகரத்துக்குப் பஸ் கிடையாது. நீலி ஊருக்கு வடசேரியில் ஏறலாம்.

இன்றைக்குக் கள்ளியங்காட்டில் கள்ளியும் இல்லை, காடும் இல்லை. வீடு, கடை, வொர்க் ஷாப், விற்பனைக்கு மனை. நீலி திரும்பி வந்தால், பழைய வழக்கப்படி சுண்ணாம்பு கேட்க ஆள் கிடைப்பான், ஒதுங்கி நிற்க மரம் கிடைக்காது.

நீலி கதை வில்லில் போகிற விதம் இது. காசு தீர்ந்துபோன ஒரு காதலன் தன்னை நம்பிப் பின்னால் வந்த பெண்ணைக் கள்ளியடியில் கொன்று நகையைக் கழற்றுகிறான். அவள் நீலியாகப் பிறக்கிறாள், அவன் செட்டியாகப் பிறக்கிறான். கள்ளிக் கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன்தான் என் புருஷன் என்று பழையனூர்ச் சபையில் வழக்கு வைக்கிறாள். எழுபது வெள்ளாளர்கள் பஞ்சாயத்து பேசி, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று செட்டிக்கு வாக்குக் கொடுத்து, அவளோடு ஒரு வீட்டில் தங்க அனுப்பிவைக்கிறார்கள். விடியும்போது செட்டி பிணம். எழுபது பேரும் சொன்ன வாக்குக்காகத் தீயில் இறங்குகிறார்கள். அதோடு அவள் இசக்கியாகிவிடுகிறாள். முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டித் தேங்காய் உடைப்பது அந்த இசக்கிக்குத்தான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

அதே பழையனூர் திருவாலங்காட்டுப் பக்கத்திலும் இருக்கிறது, அங்கேயும் எழுபது பேர், அங்கேயும் நீலி. யாருடையது மூலம், யாருடையது ரீபூட் என்று ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு சமணப் புலவர் அவளை எடுத்துக் கையாண்ட அழகு இருக்கிறதே, அதை மார்வல்காரர்கள் பாடமாகப் படிக்க வேண்டும். நீலி ஒரு சமண முனிவரைப் பயமுறுத்தப் போகிறாள். அவர் அசையவில்லை. இவள் மனம் மாறி அவருக்கே சீடப்பிள்ளை ஆகிறாள். அப்புறம் யாரையும் கடிக்கவில்லை, ஊர் ஊராகப் போய்த் தர்க்கம் பண்ணுகிறாள். பௌத்தர்களைத் தேடித் தேடி வாதத்தில் தோற்கடிக்கிறாள். பௌத்தர்களின் குண்டலகேசிக்குப் பதிலடியாக வந்ததுதான் 'நீலகேசி'. ரத்தம் குடித்தவளைத் தர்க்க வகுப்பு எடுக்க வைத்துவிட்டார்! குண்டலகேசியோ நமக்கு முழுசாகக் கிடைக்கவே இல்லை. எதிராளியின் பிரிண்டே காணாமல் போகிற அளவுக்கு ஒரு ரீபூட் ஜெயித்திருக்கிறது.

மலையாளத்தில் 1979ல் அவள் பெயரிலேயே ஒரு படம். பிறகு சின்னத்திரையில் கடமற்றத்துக் கத்தனார் மந்திரத்தோடு வந்து அவளை அடக்கினார். 'லோகா'வில் அதே கத்தனார் அவளை அடக்காமல் ஆளாக்குகிறார். ராஜாவின் ஆட்கள் குடியிருப்பை அழிக்க, சிறுமி குகைக்குள் ஓடுகிறாள், அங்கே வௌவால். குகையும் வௌவாலும் எங்கள் குடும்பச் சொத்தாயிற்றே என்று புரூஸ் வேன் கேட்டால், வரிசையில் நில்லும், உமக்கு முன்னால் அக்கா பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். நீலி இப்போது பெங்களூரில் இருக்கிறாள். வெயில் ஆகாது. பாக்கெட் ரத்தம். கெட்ட போலீஸ்காரராக நம்ம சாண்டி மாஸ்டர்.

நாகர்கோவில் தியேட்டரில் குடும்பத்தோடு பார்த்தோம். பெரியம்மையைக் கைப்பிடித்து ஏற்றி உட்கார வைத்திருந்தான் மருமகன். இடைவேளை வரை அவள் ஒன்றும் பேசவில்லை. பாப்கார்ன் விலையைக் கேட்டு வாயில் கைவைத்ததோடு சரி, மடியிலிருந்து முறுக்கை எடுத்துக்கொண்டாள். படம் முடிந்து வெளியே வந்ததும் விசாரணை தொடங்கியது.

"செட்டி எங்கடே?"

"செட்டி இல்ல ஆச்சி."

"கள்ளிக் கொம்பு?"

"அதும் இல்ல."

"எழுபது பேரு?"

"ஆச்சி, இது முதல் பாகந்தான். அடுத்ததுல சாத்தன் வருகான்."

பெரியம்மை ஆட்டோவில் ஏறும் வரை யோசித்தாள். "நம்ம நீலியை நல்ல பிள்ளையாக்கிட்டானுவ" என்றாள். அது புகாரா பாராட்டா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வடசேரி தாண்டியதும் அவளே தொடர்ந்தாள். "ஆனா ஒண்ணு. அவ கொல்லப்பட்டவ. இத்தனை நாளும் எல்லாவனும் அவளுக்குப் பயந்தானே தவிர, அவளைக் கொன்னவன எவன் கேட்டான்? இவன் கேட்டிருக்கான்."

நான் இத்தனை பக்கம் எழுதிச் சொல்ல வந்ததும் அதுதான். பழைய கதையோடு ஒரு வழக்கு இருந்தால் மறுநாளே ரீபூட் பண்ணலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சமணப் புலவருக்குக் குண்டலகேசியோடு வழக்கு. கோபாலகிருஷ்ண பாரதியாருக்குப் பண்ணையார்களோடு. கலைவாணருக்குச் சிதம்பரத்தோடு. வழக்கே இல்லாமல், சட்டையின் நீலத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி, பேட்மேன் காரின் டயரைப் பெரிதாக்கி, அதே பெரியப்பாவை அதே தெருவில் படுக்க வைத்தால், நூறு வருஷம் இடைவெளி விட்டாலும் அது சீக்கிரந்தான். கிறிஸ்டோபர் நோலனுக்கு 2005ல் ஒரு வழக்கு இருந்தது. 1997ல் ஜார்ஜ் குளூனி நடித்த பேட்மேனைப் பார்த்தவர்களுக்கு அது என்ன வழக்கு என்று விளக்க வேண்டியதில்லை. எட்டு வருஷம் காத்ததே அதிகம். 2025ல் ஜேம்ஸ் கன் எடுத்த சூப்பர்மேனுக்கும் ஒன்று இருந்தது, முந்தைய சூப்பர்மேன் சிரிக்கவே இல்லை என்பது. சின்ன வழக்குதான், ஆனால் வழக்கு. புது ஆள் நாயோடு வந்தான், சிரித்தான்.

எங்கள் மாவட்டமே அப்படி ரீபூட் ஆனதுதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி காலையில் நான்கு தாலுகாக்காரர்கள் எழுந்து பார்த்தபோது திருவிதாங்கூர்–கொச்சி போய்ச் சென்னை மாநிலம் வந்திருந்தது. நடிகர்கள் அத்தனை பேரும் பழைய ஆட்கள், கம்பெனி மட்டும் வேறு. அதற்கு வழக்கும் இருந்தது, போராட்டமும் இருந்தது, உயிர்ப்பலியும் இருந்தது. இன்றைக்கும் எங்கள் சமையலில் தேங்காயைப் பார்த்தால் பழைய கம்பெனி தெரியும்.

மருமகன் விடவில்லை. போன வாரம் வந்து உட்கார்ந்து, 2019 'எண்ட்கேம்' படத்தில் அயர்ன்மேனாகச் செத்துப்போன ராபர்ட் டவுனி ஜூனியரே இனி டாக்டர் டூம் என்ற வில்லனாக வரப்போகிறார், 2024லேயே மேடை போட்டு அறிவித்துவிட்டார்கள் என்று விளக்கினான். அதே ஆள், அதே முகம், வேறு கதாபாத்திரம். இதற்கு என்ன சொல்லப் போகிறீர்கள் மாமா என்று சவால் வேறு.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பெரியம்மை குரல் வந்தது. "இதுல என்னடே அதிசயம்? நல்லவனாச் செத்தான், கெட்டவனாப் பொறந்திருக்கான். போன ஜென்மத்துப் பாக்கி இருக்கும், கணக்குத் தீர்க்க வருகான்."

வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவளுக்கு மார்வலின் மல்டிவெர்ஸ் ஒரு நிமிஷ வேலை. மருமகன் வாயடைத்துப்போய் இருந்தான். அவள் உரலைத் தட்டிக் கவிழ்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"அவனுக்கு ஒரு பொட்டப்பிள்ளை உண்டும்லா, அந்தப் படத்துல? இப்பம் இவன் அவளுக்கு என்ன முறை வேணும்?"